துப்பிய தோல்

“இந்த ஒயினைக் குடிக்க முடியாது சிஸ்டர்,” என்றார் இன்னாசி.

சிஸ்டர் வியாகுலம் திராட்சைக் கொடியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“ஏன் அண்ணாச்சி?”

“கடுக்காயைக் கடிச்ச மாதிரி இருக்கு. நாக்கு மேல்வாயில ஒட்டிக்கிருச்சு. பல்லுகூட வறண்டு போச்சு. இதையா தேடி வந்து வாங்குறாங்க?”

“வாங்கத்தான செய்யுதாவ.”

“கிறுக்குப் பயலுக.”

“எதுகூடக் குடிச்சிய?”

“எதுகூடவா? சும்மாதான் குடிச்சேன்.”

“சும்மாவா,” என்றார் சிஸ்டர்.

அதோடு பேச்சு முடிந்தது. கத்தரிக்கோல் மட்டும் கொடியில் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது.

இத்தாலியின் நடுவில் உம்பிரியா என்று ஒரு மலைநாடு. கடல் கிடையாது. அங்கே மொந்தெஃபால்கோ என்று ஓர் ஊர், குன்றின் தலையில் தொப்பி வைத்த மாதிரி உட்கார்ந்திருக்கும். ஊருக்குக் கீழே ஒரு கன்னியர் மடம். மடத்துக்கு ஒரு திராட்சைத் தோட்டம்.

அதில் விளைவது சாக்ரந்தீனோ. சின்னப் பழம், நல்ல கறுப்பு. தோல் மட்டும் எருமைத் தோல். சுற்றியிருக்கிற நாலு குன்றைத் தாண்டினால் அந்தப் பழத்தை அவ்வளவாகப் பார்க்க முடியாது. கோயில் சடங்குக்கு வைத்திருந்த பழம், அதனால்தான் அந்தப் பெயர் என்பார்கள். அவ்வளவு தெரிந்தால் போதும்.

தோட்டம் சிஸ்டர் வியாகுலத்தின் பொறுப்பு. மணப்பாட்டுக்காரர். கடலைப் பார்த்து வளர்ந்து, மலையில் வந்து கொடி வெட்டுகிறவர். நாற்பது வயதுகூட ஆகவில்லை. பெயர்தான் வியாகுலம், ஆள் எதற்கெடுத்தாலும் சிரிப்பார்.

இன்னாசிக்கு ஐம்பதைத் தாண்டிவிட்டது. கம்பம் பள்ளத்தாக்கில் பந்தல் போட்டுப் பன்னீர் திராட்சை விளைவித்தவர். அவர் அப்பனும் அதே, பாட்டனும் அதே. அப்படிப்பட்டவர் தன்னைவிடச் சின்னவரிடம், அதுவும் மீன் வாசத்தில் வளர்ந்தவரிடம் திராட்சைப் பாடம் கேட்க வேண்டியதாயிற்று. முதல் வாரம் சுருக்கென்றுதான் இருந்தது. பிறகு பழகிவிட்டது. போக வேறு இடம் இல்லாதவனுக்கு எல்லாம் பழகும்.

வெள்ளிக்கிழமை மடத்தில் மீன். சிஸ்டர் அன்று ஊர் ருசியில் குழம்பு வைத்திருந்தார். இன்னாசியின் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் தம்ளரில் அதே ஒயின்.

“மீனைத் தின்னுட்டு ஒரு மடக்கு குடிங்க.”

குடித்தார். முகம் கோணிக்கொண்டது.

“துருப்பிடிச்ச ஆணியை நக்குன மாதிரி இருக்கு.”

“ஆமா.”

“ஆமாவா? தெரிஞ்சேவா குடுத்தீங்க?”

“இப்பக் குழம்பைத் தொட்டுட்டுக் குடிங்க.”

குடித்தார். கம்பத்துக்காரருக்கு அந்தக் காரமெல்லாம் ஒரு காரமே இல்லை. ஆனால் ஒயின் பட்டதும் மிளகாய் நாக்கில் பற்றிக்கொண்டது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

“மீனுக்கும் ஆகல, மிளகாய்க்கும் ஆகல. நம்ம ஆளுகளுக்கு இது ஆகாது சிஸ்டர். விட்ருங்க.”

“அப்படியா,” என்று சிஸ்டர் தம்ளரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டுத்தொடை. பூண்டைச் செருகி, ரோஸ்மேரி இலையைப் போட்டு, காலையிலிருந்து அடுப்பில் கிடந்து கொழுப்பெல்லாம் உருகி வழிந்த கறி. சிஸ்டர் கொழுப்புத் துண்டாகப் பார்த்து இன்னாசிக்கு வைத்தார். பக்கத்தில் அதே தம்ளர்.

“மறுபடியுமா?”

“ஒரே ஒரு மடக்கு.”

இன்னாசி கறியை மென்றார். மருந்து குடிக்கிற மாதிரி கண்ணை மூடிக்கொண்டு ஒயினைக் குடித்தார்.

கண்ணைத் திறந்தார்.

ஒயின் நாக்கைப் பிடிக்கவில்லை. வாயில் படிந்திருந்த கொழுப்பைப் பிடித்தது. பிடித்து இழுத்துக்கொண்டு போனது. வாய் கழுவிவிட்ட மாதிரி ஆயிற்று. அடியில் எங்கேயோ நாவல்பழ ருசி ஒன்று மெதுவாக எழுந்து வந்தது.

“அதே ஒயினா?”

“அதே சீசாதான்.”

“இதுல என்ன கலந்தீங்க?”

“ஆடு.”

“விளையாடாதீங்க சிஸ்டர்.”

“துவர்ப்புக்குப் பிடிக்கதுக்கு ஏதாவது வேணும் அண்ணாச்சி. குடுத்தா அதைப் பிடிக்கும். குடுக்கலன்னா ஒங்க நாக்கைப் பிடிக்கும்.”

இன்னாசி சிரித்துவிட்டு அடுத்த துண்டை எடுத்தார். அதற்குமேல் அவர் யோசிக்கவில்லை. யோசிக்கிற ஆளாக இருந்திருந்தால் இந்தக் கதையே கிடையாது.

அதற்கப்புறம் கொஞ்ச நாள் அவருக்கு இதே வேலை. ஆட்டுப் பாலாடைக்கட்டியோடு குடித்தார், கட்டி பழையதாக இருந்தால் நன்றாக இருந்தது. யாரோ காட்டுப்பன்றிக் கறி கொடுத்தார்கள், அதற்குச் சொல்லவே வேண்டாம். பயற்றங்கஞ்சிக்கு ஏதோ பரவாயில்லை. கேக்கோடு குடித்துப் பார்த்துவிட்டு ஓடிப்போய் வாயைக் கொப்பளித்தார்.

எல்லாவற்றையும் அமலிக்குப் போன் போட்டுச் சொன்னார்.

“அப்படியாப்பா? ரொம்ப சந்தோஷம்ப்பா,” என்றாள் அமலி.

அமலி அவருடைய ஒரே மகள். ஜெர்மனியில் நர்ஸ்.

அவள் வாய் பற்றிச் சொல்ல வேண்டும். பிரசங்கம் நீளம் என்று பங்குச்சாமியிடமே போய்ச் சொன்னவள். அத்தை புதுப்புடவை கட்டிக்கொண்டு வந்து நின்றால், “இந்தக் கலர் ஒனக்கு எடுக்கல அத்தை, மாத்திட்டு வா” என்பாள். சோறு குழைந்திருந்தால் குழைந்திருக்கிறது என்பாள், அதை ஆக்கியது அவளே ஆனாலும். பொய் சொல்லத் தெரியாது. பூசி மெழுகத் தெரியாது. அடி அடுத்தவர் மேல் விழுந்தவரைக்கும் இன்னாசிக்கு அதில் பெருமைதான். “எம்மக வாயில சனியன் உக்காந்திருக்கு” என்று டீக்கடையில் சொல்லிச் சிரிப்பார்.

கோயில் திருவிழாவுக்கு முதல் பழம் கொடுப்பது இன்னாசி வீட்டு முறை. கூடைகூடையாகக் கொண்டுபோய்ப் பங்குச்சாமியிடம் மந்திரிக்க வைப்பார்கள். பூசை முடிந்ததும் அந்த வருஷம் புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, வாங்கிய பிள்ளைகளுக்கு அந்தப் பழத்தைப் பங்கு வைப்பார்கள்.

ஒரு வருஷம் மழை பிந்திப் பெய்து பழத்தில் பூஞ்சை விழப் பார்த்தது. இன்னாசி மருந்தடித்தார். மருந்தடித்தால் பழத்தை இத்தனை நாள் தொடக் கூடாது என்று கணக்கு இருக்கிறது. திருவிழா அந்தக் கணக்குக்காகக் காத்திருக்காது. பழத்தை நன்றாகக் கழுவிக் கொண்டுபோய்விட்டார்.

அமலி அப்போது நர்ஸிங் படித்துக்கொண்டிருந்தாள். லீவுக்கு வந்திருந்தாள். வெள்ளை உடுப்புப் போட்ட பிள்ளைகள் வரிசையில் நின்று கை நீட்டும்போது கோயில் முற்றத்தில் நடுவாக வந்து நின்றாள்.

“யாரும் தின்னாதீங்க. மருந்தடிச்சு மூணு நாள்கூட ஆகல. எங்கப்பாவுக்குத் தெரியும்.”

அவ்வளவுதான் சொன்னாள்.

பழத்தையெல்லாம் கோயிலுக்குப் பின்னால் குழி தோண்டிக் கொட்டினார்கள். யாரும் இன்னாசியை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பார், சண்டை போட்டிருப்பார். கேட்காமல் விலகிப் போனார்கள்.

அமலி சொன்னது பொய் இல்லை. அது இன்னாசிக்குத் தெரியும். தெரிந்ததால்தான் அவ்வளவு கோபம்.

வீட்டு வாசற்படியில் நின்று மறித்தார்.

“அந்த நாக்கை வாசல்லயே விட்டுட்டு உள்ள வா. இல்லன்னா வராத.”

அமலி அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு திரும்பி பஸ் ஸ்டாப்புக்கு நடந்தாள். தாய் இருந்திருந்தால் பின்னாலேயே ஓடிக் கையைப் பிடித்து இழுத்து வந்திருப்பாள். தாய் அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டாள்.

அதற்குப்பிறகு எல்லாம் இதமாகப் போயிற்று. தோட்டத்து ஆட்கள் யாரும் இன்னாசியை எதிர்த்து ஒன்றும் சொல்லவில்லை. பந்தலில் கல்தூண் சாய்ந்தது, யாரும் சொல்லவில்லை. கொடியில் வேர் அழுகிற வாடை அடித்தது, யாரும் சொல்லவில்லை. “நல்லா இருக்குண்ணே” என்று எல்லாரும் சொன்னார்கள். நல்லா இருக்கு, நல்லா இருக்கு என்றே தோட்டம் போய்விட்டது.

பங்குச்சாமிதான் இந்த மடத்துக்கு எழுதிப் போட்டார். திராட்சை தெரிந்த ஆள் வேண்டுமாம், இத்தாலியாம்.

“அது எங்க இருக்கு சாமி?” என்று கேட்டார் இன்னாசி.

“ஜெர்மனிக்குக் கீழ.”

“அப்பப் போறேன்.”

வந்த பிறகு, எடுப்பாளோ மாட்டாளோ என்று மகளுக்குப் போன் போட்டார். அவள் எடுத்தாள்.

“நல்லா இருக்கீங்களாப்பா? சாப்பிட்டீங்களா? குளிருக்கு ஸ்வெட்டர் போட்டுக்கோங்க.”

முன்பெல்லாம் நீ, வா, போ என்று பேசுவாள். இப்போது ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு மரியாதை. வார்டில் படுத்திருக்கிற கிழவரிடம் பேசுகிற குரல். இன்னாசிக்கு அது பிடித்திருந்தது. பக்குவம் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று போன் போடும்போதெல்லாம் நினைப்பார். அவள் அவ்வளவு இதமாகப் பேசும்போது எதற்குப் பழையதைக் கிளறுவது என்று விட்டுவிடுவார்.

கோடையில் ஒருநாள் அமலி சொன்னாள்.

“அடுத்த ஈஸ்டருக்கு லீவு கிடைக்கும்ப்பா. வரேன்.”

இன்னாசி போனை வைத்துவிட்டு நேராகத் தோட்டத்துக்கு ஓடினார்.

“சிஸ்டர், எனக்கு ரெண்டு வரிசை பழம் குடுங்க. நானே ஒயின் போடணும்.”

“யாருக்கு?”

“எம்மகளுக்கு. ஒங்களோடது மாதிரி இல்ல. துவர்ப்பே இல்லாம, இளநி மாதிரி. அவ வந்து உக்கார்ற மேசையில சுருக்குன்னு எதுவும் இருக்கக் கூடாது.”

“எதுவுமேவா?”

“எதுவுமே.”

“சரி, எடுத்துக்கோங்க,” என்றார் சிஸ்டர்.

அக்டோபரில் பழம் பறித்தார்கள். இன்னாசி தன் பங்கைத் தனியாக ஒரு தொட்டியில் போட்டுப் பிழிந்தார். பிழிந்த கையோடு தோலையெல்லாம் அரித்தெடுத்துக் கூடையில் கொட்டினார்.

கம்பத்தில் பன்னீர் திராட்சையைத் தின்பதற்கு ஒரு முறை உண்டு. பழத்தை உதட்டில் வைத்து ஓர் அமுக்கு. சதை உள்ளே போகும். தோலைத் துப்பிவிட வேண்டும். பல் முளைத்த நாளிலிருந்து அப்படித்தான். யார் தூரமாகத் துப்புகிறார்கள் என்று பிள்ளைகள் பந்தயம் வைப்பார்கள். தோலைத் தின்கிறவனைப் பார்த்தால் வெளியூர்க்காரன் என்று தெரிந்துகொள்ளலாம்.

சிஸ்டர் கூடையைப் பார்த்தார்.

“தோலைக் களையுதியளா?”

“யாரு சிஸ்டர் தோலைத் திம்பா? துவர்ப்பு பூரா அதுலதான இருக்கு.”

“ஆமா. அதுலதான் இருக்கு.”

“அப்புறம் என்ன?”

சிஸ்டர் குனிந்து கூடையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார்.

“எருவுக்கா?” என்று கேட்டார் இன்னாசி.

சிஸ்டர் நிலவறைக்குள் இறங்கி, தோலையெல்லாம் தன்னுடைய தொட்டியில் கவிழ்த்தார். வெறுங்கூடையோடு மேலே வந்தார்.

“பாவம், எதையும் வீணாக்க மனசில்ல,” என்று நினைத்துக்கொண்டார் இன்னாசி.

கிறிஸ்துமஸுக்கு அவர் ஒயின் ரோஜா நிறத்தில் வந்தது. பெரிய கண்ணாடிக் குடுவையில் வெளிச்சம் பட்டால் அழகாக இருந்தது. நாக்கில் வைத்தால் வைத்த இடம் தெரியாமல் இறங்கியது. மடத்தில் இருந்த வயதான கன்னியர்கள் ஆளுக்கு ஒரு வாய் குடித்துவிட்டு, “புவோனோ, புவோனோ” என்று அவர் தோளில் தட்டினார்கள். நல்லா இருக்கு என்று அர்த்தம். அந்தச் சொல் இன்னாசிக்கு உடனே பாடமாகிவிட்டது.

“நீங்க சொல்லுங்க சிஸ்டர். எப்படி?”

சிஸ்டர் குடித்தார்.

“இப்ப நல்லாத்தான் இருக்கு.”

“இப்பன்னா?”

“இப்ப.”

“பொறாமை சிஸ்டர் ஒங்களுக்கு.”

“இருக்கும்,” என்று சிரித்தார் சிஸ்டர். “தெனம் மூடியைத் தெறக்காதிய.”

இன்னாசி தினம் திறந்தார். காலையில் ஒரு சொட்டு, மாலையில் ஒரு சொட்டு. மகளுக்கு என்று வைத்ததை எப்படிப் பார்க்காமல் இருப்பது? தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

தவக்காலம் பாதி தாண்டியபோது ஒருநாள் மூடியைத் திறந்தார். மூக்கில் சுரீர் என்று ஏறியது.

நாக்கில் வைத்துப் பார்க்கக்கூட வேண்டியதில்லை. ஊறுகாய் ஜாடி வாடை. காடி, அதாவது வினிகர்.

குடுவையைக் கட்டிப்பிடித்துத் தூக்கிக்கொண்டு நிலவறைக்கு வந்தார்.

“கெட்டுப்போச்சு சிஸ்டர்.”

சிஸ்டர் முகர்ந்து பார்த்தார்.

“ஒரே கொடி. ஒரே நாள்ல பறிச்சது. ஒங்களோடது மட்டும் ஏன் கெடல?”

சிஸ்டர் தன் தொட்டியிலிருந்து அரைத் தம்ளர் பிடித்துக் கொடுத்தார். இன்னாசி குடித்தார். தாடை இறுகிப்போயிற்று. முதல்நாள் குடித்ததெல்லாம் இதற்கு முன்னால் சர்க்கரைத் தண்ணீர்.

“யம்மாடி. இதை மனுசன் குடிப்பானா?”

“இப்ப முடியாது. மூணு வருசம் போவட்டும், நாலு வருசம் போவட்டும்.”

“அதுவரைக்கும் இது கெடாதா?”

“துவர்ப்பு கெட விடாது அண்ணாச்சி,” என்று சிஸ்டர் கையை உயர்த்தினார். உத்தரத்தில் காயப்போட்டு முழுதும் காயாத கொத்து ஒன்று மிச்சம் தொங்கியது. அதிலிருந்து ஒரு பழத்தைக் கிள்ளி இன்னாசியிடம் நீட்டினார்.

இன்னாசி அதை வாங்கினார். உதட்டில் வைத்து அமுக்கினார். உறிஞ்சினார்.

தோலைத் துப்பினார்.

சிஸ்டர் தரையைப் பார்த்தார்.

இன்னாசியும் பார்த்தார்.

“பன்னீர் திராட்சை தின்னு வளந்த வாய் சிஸ்டர், அதான்...” என்று சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு பாதி வழியில் நின்றுவிட்டது.

மெதுவாகக் குனிந்து அந்தத் தோலை எடுத்தார். வேட்டி நுனியில் துடைத்தார். வாயில் போட்டு மென்றார். ரொம்ப நேரம் மென்றார். துவர்ப்பு இறங்க இறங்க அவர் முகம் மாறிக்கொண்டே வந்தது.

“சிஸ்டர்.”

“சொல்லுங்க.”

“மருந்தடிச்சு மூணு நாள்கூட ஆகல.”

சிஸ்டருக்கு என்ன ஏது என்று தெரியாது. ஆனாலும் பக்கத்தில் கிடந்த பெட்டியைக் காலால் நகர்த்திக் கொடுத்தார். இன்னாசி அதில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். கூடை, வரிசையில் நின்ற பிள்ளைகள், நாக்கை வாசலிலேயே விட்டுட்டு வா என்று வாசற்படியில் மறித்தது. சொல்லி முடித்துவிட்டுக் குடுவையைப் பார்த்தார்.

“தோலை இப்பத் திரும்பப் போட்டா இது சரியாயிருமா?”

“காடியாயிட்டா காடிதான் அண்ணாச்சி. ஊறுகாய்க்கு ஆவும்.”

இன்னாசி தலையாட்டினார். பிறகு நிமிர்ந்தார்.

“ஈஸ்டருக்கு இதையேதான் வைக்கப்போறேன்.”

“காடியையா?”

“ஒரு வாய் வச்சான்னாப் போதும். ‘என்னப்பா கருமம் இது’ன்னு ஆரம்பிப்பா. அவளுக்கு ஆரம்பிச்சா நிப்பாட்டத் தெரியாது. ஒயின்ல ஆரம்பிச்சு, பழத்துக்குப் போயி, வாசல்ல மறிச்சது வரைக்கும் வந்து நிப்பா. வரட்டும். அம்புட்டையும் கேட்டுக்கிறேன். கேட்டுட்டு அவ கையைப் பிடிச்சு, நீ சொன்னது சரிதான் பிள்ளன்னு சொல்லிருவேன்.”

“கேக்கதுக்கு நீங்க தயாராயிட்டிய.”

“ஆயிட்டேன்.”

“அவ?”

“அவளுக்கென்ன சிஸ்டர்? அந்த நாக்கு வாய்க்குள்ள சும்மாக் கெடக்காது.”

சிஸ்டர் குடுவையின் மூடியைத் தேடி எடுத்து இறுக்கி மூடினார்.

ஈஸ்டர் அன்று மத்தியானம் அமலி வந்தாள். கீழே பஸ்ஸில் இறங்கிக் குன்று ஏறி வந்ததில் மூச்சு வாங்கியது. முன்னைக்கு உடம்பு போட்டிருந்தாள். தலைமுடியைக் கத்தரித்திருந்தாள். இன்னாசி சமையலறை வாசலில் நின்றார். கையை நீட்டுவதா, கட்டிப்பிடிப்பதா என்று தெரியாமல் அவள் பையை மட்டும் வாங்கிக்கொண்டார்.

அமலி வாசற்படிக்கு வெளியே குனிந்து செருப்பைக் கழற்றினாள்.

“இங்க யாரும் கழட்ட மாட்டாங்க. தரை சில்லுன்னு இருக்கும். போட்டுட்டே வா.”

“இருக்கட்டும்ப்பா,” என்றாள்.

மற்றக் கன்னியர்கள் பெரிய அறையில் சாப்பிட்டார்கள். இவர்களுக்கென்று சமையலறையில் ஒரு மேசை போட்டிருந்தார் சிஸ்டர். ஆட்டுத்தொடை ஆவி பறந்தது. மூன்று பேரும் உட்கார்ந்தார்கள்.

அமலி ஒரு துண்டை வாயில் போட்டாள்.

“உப்புத் தூக்கல் சிஸ்டர்.”

“தெரியும் பிள்ள. செபம் சொல்லிக்கிட்டே ரெண்டு தடவ போட்டுட்டேன்.”

“ஒண்ணு செபம் சொல்லணும், இல்ல சமைக்கணும். ரெண்டும் சேத்துப் பண்ணா ரெண்டும் உருப்படாது.”

சிஸ்டர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். முக்காடு நழுவியது.

இன்னாசி சாப்பிடவில்லை. மகளையே பார்த்துக்கொண்டிருந்தார். இருக்கு. அந்த வாய் அப்படியே இருக்கு.

சிஸ்டர் பழைய சீசா ஒன்றைத் திறந்து ஊற்றினார். அமலி கறியைத் தொடாமல் அதை மட்டும் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

“என்ன சிஸ்டர் இது, மரப்பட்டையைக் காய்ச்சி ஊத்துனாப்ல? இதைக் காசு குடுத்து வாங்குறவனை எங்க வார்டுக்கு அனுப்புங்க. நான் பாத்துக்கிறேன்.”

“கறியோட குடி மக்கா.”

அமலி கொழுப்பாக ஒரு துண்டை மென்று குடித்தாள். புருவம் மேலே ஏறியது.

“அட. ஆளே மாறிட்டான். கறி இல்லாம இதை ஏன் மொதல்ல ஊத்துனீங்க? தப்பு ஒங்க மேலதான்.”

“என் மேலதான்,” என்றார் சிஸ்டர்.

இன்னாசி எழுந்தார். மூலையில் இருந்த குடுவையை எடுத்து வந்தார். மூடியைத் திறந்ததும் வாடை அறை முழுக்கப் பரவியது. சிஸ்டர் கையிலிருந்த முள்கரண்டியைத் தட்டில் வைத்துவிட்டார்.

இன்னாசி ஒரு தம்ளர் நிறைய ஊற்றி மகள் முன்னால் வைத்தார். மேசையில் கொஞ்சம் சிந்தியது.

“இது நான் போட்டது. ஒனக்குன்னு போட்டேன்.”

அமலி தம்ளரைப் பார்த்தாள். எடுத்தாள். ஒரு வாய் குடித்தாள்.

அவள் கண்ணில் தண்ணீர் கோத்தது. தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது.

இன்னாசி காத்திருந்தார். அடி விழப்போகிறது என்று தெரிந்து, முதுகைத் திருப்பிக் கொடுத்து நிற்கிற பிள்ளை மாதிரி காத்திருந்தார்.

“எப்படி இருக்கு?”

அமலி உதட்டைத் துடைத்துக்கொண்டாள். சிரித்தாள்.

“நல்லா இருக்குப்பா.”

“சரியாச் சொல்லு. காடியாப் போச்சுல்ல?”

“அப்படியெல்லாம் இல்லப்பா. நல்லாத்தான் இருக்கு.”

“அமலி. திட்டு பிள்ள.”

“எதுக்குப்பா திட்டணும்?” வார்டில் பேசுகிற குரல். “எவ்வளவு கஷ்டப்பட்டுப் போட்டிருக்கீங்க.”

தம்ளரை மறுபடி தூக்கினாள். ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டுக் கீழே வைத்தாள்.

“ரொம்ப நல்லா இருக்குப்பா.”

இன்னாசி சிஸ்டரைத் திரும்பிப் பார்த்தார்.

சிஸ்டர் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அங்கே வாசற்படிக்கு வெளியே அமலியின் செருப்பு இரண்டும் ஜோடியாக, தெருவைப் பார்த்தபடி இருந்தன.